திரையில் ஊர் உண்டு, பெயர் இல்லை

சங்க அகப்பாடல்களைக் கற்கத் தொடங்கும் மாணவர்க்கு ஆசிரியர் முதலில் சொல்லும் செய்திகளுள் ஒன்று, அவற்றில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் இடம்பெறாது என்பதாகும். காதல் எல்லார்க்கும் பொதுவாதலின் நம் முன்னோர் பெயரை மறைத்தனர். ஆயினும் அதே பாடல்களில் தொண்டி உண்டு, கொற்கை உண்டு, மாந்தை உண்டு. ஆளின் பெயரை மறைத்த புலவர்கள் ஊரின் பெயரை மறைக்கவில்லை. கொற்கையின் முத்தை இன்றும் நாம் பேசுவது அதனாலன்றோ?

இன்றைய திரையுலகில் இம்மரபு தலைகீழாகிவிட்டது. நடிகரின் பெயர் திரை நிறைய ஒளிர்கிறது. அவர் நின்று பாடிய கடற்கரையின் பெயரோ வருவதில்லை. வந்தாலும், படம் முடிந்து மக்கள் எழுந்து செல்லும் வேளையில், நன்றிப் பட்டியலின் சிற்றெழுத்துகளில் ஓடி மறைகிறது. கதையில் அவ்வூர் வேறொரு பெயரால் அழைக்கப்படுகிறது. இதனைச் சிறு குறையென்று ஒதுக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அக்கரையில் கேட்ட சொல்

பழவேற்காட்டிலிருந்து ஏரிப் பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பத்தை அடையலாம். ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக் கடல், இடைப்பட்ட மணல்நிலத்தில் மீனவர் வாழ்கின்றனர். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமான பெயரைத் தூய தமிழில் மாற்றலாகாதா என்று கேட்பார் உளர். அங்கு வாழ்வோர் நாவில் வழங்கும் பெயரே ஊரின் பெயர் என்பது என் எண்ணம். அந்தப் பெயரையேனும் பிறர் சொல்ல வேண்டும் என்பதே என் கவலை.

ஒரு மாலையில் அங்கே வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்னது இது: "கேமரா தூக்கிக்கினு எவ்ளோ பேரோ வராங்க சார். ஒரு வாட்டி ரெண்டு நாளு படகை நகத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அந்தப் படம் வந்துச்சா இல்லியான்னுகூட எங்களுக்குத் தெரியல. வந்திருந்தாலும் வேற ஊரு பேருலதான் வந்திருக்கும்."

அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னை வருத்தியது. படகு அசையாத இரண்டு நாள் என்பது நகரத்தார்க்கு இரண்டு நாள் விடுமுறை போலத் தோன்றலாம். மீனவர்க்கு அது இரண்டு நாள் அடுப்பு. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று உண்டு. மீன் பிடிக்கும் இடங்களை முறைவைத்துத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. தன் முறை வரும் நாளைத் தவறவிட்டவர்க்கு அந்த நாள் திரும்பக் கிடைப்பதில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் வழியே அடைபடுகிறது. இத்தகைய வாழ்வின் நடுவில்தான் கேமரா வந்து நிற்கிறது. அதன் கண்ணுக்கு அலை தெரிகிறது, படகின் வண்ணம் தெரிகிறது, பாடு தெரிவதில்லை.

பெயர் பயணம் செய்த காலம்

பழவேற்காட்டின் பெயர் ஒரு காலத்தில் கடல் கடந்து சென்றது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்கு இதுவே நெடுங்காலம் தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைத் துணி ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்றே பெயர் பெற்றது. மெக்சிகோ நாட்டார் கழுத்தில் கட்டும் துணியைக் குறிக்கும் 'பாலியகாத்தே' என்னும் சொல்லும் இவ்வூர்ப் பெயரின் வழி வந்ததே எனக் கருதுவோர் உளர். அன்று துணி சென்ற இடமெல்லாம் ஊரின் பெயரும் உடன் சென்றது. இன்று ஊரின் உருவம் நொடியில் உலகெங்கும் செல்கிறது. பெயர் கரையிலேயே நின்றுவிடுகிறது.

நம் திரைப்படங்களில் பெயர் பெற்ற கடற்கரைகளும் இல்லாமல் இல்லை. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகியவை குமரி மாவட்டத்து முட்டத்தில் எடுக்கப்பட்டவை. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்துப் பாடலொன்றில் மழையும் கடலுமாகக் காட்சி தருவது கேரளத்துப் பேக்கல் கோட்டை. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டதால் இவ்விடங்கள் புகழ்பெற்றன. கேட்பார் இல்லாத குப்பங்களின் நிலை என்ன?

இங்கிலாந்து காட்டும் இரண்டு பக்கங்கள்

இங்கிலாந்தில் இதனை ஒரு துறையாகவே வளர்த்துள்ளனர். படமெடுத்த இடங்களைக் காட்டும் வரைபடங்களைச் சுற்றுலா வாரியமே வெளியிட்டிருக்கிறது. 1995இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் வரும் மெரிட்டன் என்னும் ஊர், உண்மையில் வில்ட்ஷயரில் உள்ள லேக்காக் கிராமம். அக்கிராமத்தின் பெரும்பகுதி 1944 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. தன் இடங்களில் படமெடுப்போர் தரும் கட்டணத்தை அந்நிறுவனம் பழமைப் பாதுகாப்புக்குச் செலவிடுகிறது. கதையில் வேறு பெயர் இருந்தாலும் உண்மைப் பெயரும் வாழ்கிறது. ஊரும் பயன் பெறுகிறது.

லைட்ஹவுஸ் குப்பத்திற்கு நெருங்கிய உவமை கார்ன்வால் கடற்கரையில் உள்ள போர்ட் ஐசக் என்னும் மீனவர் ஊர். 2004 முதல் 2022 வரை வெளிவந்த 'டாக் மார்ட்டின்' தொலைக்காட்சித் தொடரில் அது 'போர்ட்வென்' என்ற கற்பனைப் பெயருடன் தோன்றியது. தொடரைக் கண்டவர்கள் உண்மை ஊரைத் தேடிச் சென்றனர். கடைகளும் விடுதிகளும் செழித்தன. நண்டும் சிங்கி இறாலும் பிடிப்போர் இன்றும் அங்கே உள்ளனர். ஆனால் மறுபக்கமும் உண்டு. குறுகிய சந்துகளில் கோடைக் கூட்டம் நிரம்பி வழிகிறது. வெளியூர்ச் செல்வர் ஓய்வில்லங்கள் வாங்கி விலையை உயர்த்தியதால், கார்ன்வாலின் கடலோர ஊர்களில் அங்கேயே பிறந்த இளைஞர்க்கு வீடு எட்டாக் கனியாகிவிட்டது.

எனவே, "பெயர் வெளிப்பட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஊர் கெடும், மறைந்திருப்பதே நன்று" என்று பெரியோர் சிலர் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பறவைகள் சரணாலயமாகிய ஏரியின் அருகில் ஒலிபெருக்கியும் ஊர்திகளும் பெருகினால், குளிர்காலத்தில் வந்து தங்கும் பூநாரைகள் அஞ்சி விலகும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரை மறைத்ததால் கேமரா வராமல் நின்றுவிட்டதா? வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்தவர் பெயரைச் சொல்லாமல் போவதால் ஊருக்குக் கிடைப்பது அமைதியன்று; மறதியே. பெயர் இல்லாத இடத்திற்கு உரிமை கேட்க எவரும் இல்லை.

செய்ய வேண்டியவை

படமெடுக்க வருவோர் முதலில் ஊராரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருக்க வேண்டும். படகு நின்ற நாளுக்கு உரிய கூலியை அன்றே தர வேண்டும். பறவைகள் தங்கும் பருவத்தில் ஏரியை விட்டு விலகியிருக்க வேண்டும். படத்தின் தொடக்கத்திலேயே, நடிகர் பெயர் வரும் அளவிலான எழுத்தில், ஊரின் பெயரைத் தமிழில் காட்ட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது நாணயம் போதும்.

தமிழ் மாணவர்க்கும் இதில் பணி உண்டு. ஊர்ப்பெயராய்வு நம் துறைக்குப் புதிதன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு தம் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் சுமந்து சென்ற மரபு நம்முடையது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் பகுதியில் எந்தப் படம், எந்த ஆண்டில், எந்தக் கரையில் எடுக்கப்பட்டது என்று பெரியோரிடம் கேட்டுக் குறித்து வரட்டும். எந்தப் படகு நின்றது, யாருடைய முறை போயிற்று என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

வலை செப்பனிட்ட அந்தப் பெரியவர் தம் ஊரைத் திரையில் காண ஆசைப்படவில்லை. தம் ஊர் தம் ஊராகவே காட்டப்பட வேண்டும் என்பதே அவர் சொல்லின் பொருள். தொண்டிக்கும் கொற்கைக்கும் புலவர் செய்ததை, லைட்ஹவுஸ் குப்பத்திற்கு நாமேனும் செய்வோமாக.