பசியாறாத காலை

மலேசியத் தமிழர் வீடுகளில் காலையில் கேட்கப்படும் முதல் கேள்வி, “பசியாறியாச்சா?” என்பதுதான். பல்கலைக்கழக விடுதிக்குச் சென்ற பிள்ளையிடம் அதைக் கேட்க அங்கே யாருமில்லை. எட்டு மணி விரிவுரைக்கு ஏழரைக்கு எழுந்து பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவர் பலருக்கு முதல் உணவே நண்பகலில்தான். இரவு பத்து மணிக்கு மேல் மாமாக் கடையில் மீ கோரேங், தே தாரிக். மறுநாளும் இதே கதை.

இதனால் கல்வி பாதிப்படையுமா? மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆயினும், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. ஒரு வேளை உணவு தவறினால் மூளை நின்றுவிடாது. கல்லீரல் தன்னிடமுள்ள சேமிப்பிலிருந்து குளுக்கோஸை விடுவித்துச் சமாளித்துவிடும். ஆனால், பசி கவனத்தைப் பறித்துவிடும். விரிவுரையாளர் பலகையில் எழுதிக்கொண்டிருக்க, மாணவரின் மனம் உணவக வரிசையில் நின்றுகொண்டிருக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு வெளியே தெரியாத மற்றொரு சிக்கல். இளம்பெண்களிடையே அதிகம் காணப்படும் இக்குறைபாட்டால் சோர்வும் கவனக்குறைவும் ஏற்படும். பார்ப்பவர்களோ அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் சூட்டிவிடுவார்கள்.

இரவுப் பானத்தையும் மறந்துவிடக்கூடாது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் பாதியளவாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குக் குடித்தால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் தாமதமாக எழ நேரிடும். தாமதமாக எழுந்தால் பசியாற நேரமிருக்காது.

காலை உணவு உண்ணும் மாணவர்கள் சிறந்த தேர்ச்சி பெறுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை அப்படியே ஏற்பதில் ஒரு தயக்கம் உண்டு. காலையில் உண்பவர் பெரும்பாலும் நேரத்தோடு உறங்குபவராகவும் கையில் ஓரளவு பணம் உள்ளவராகவும் இருக்கக்கூடும். அப்படியானால், தேர்ச்சிக்குக் காரணம் உணவா, உறக்கமா, வசதியா? இதை எண்ணிப் பார்க்காமல், “நாசி லெமாக் சாப்பிட்டால் சிறப்புத் தேர்ச்சி” என்று சொல்வது பொருந்தாது.

வசதி என்பதே இங்குப் பெரிய கேள்வி. தவணையின் தொடக்கத்தில் கல்விக் கடன் கைக்கு வரும்போது தட்டில் கோழி இருக்கும். தவணை முடியும் வேளையில் சோறு, குழம்பு, ஒரு முட்டை என்று தட்டு சுருங்கிவிடும். 2023ஆம் ஆண்டில் அரசாங்கம் ஐந்து ரிங்கிட் அல்லது அதற்கும் குறைந்த விலையிலான ‘மெனு ரஹ்மா’ உணவை அறிமுகப்படுத்தியது. பல்கலைக்கழகங்களில் அது 3.50 ரிங்கிட்டுக்கு வழங்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால், அந்தத் தட்டு காலை ஏழரைக்குக் கிடைத்தால்தான் எட்டு மணி விரிவுரைக்குப் பயன்படும். சுகாதார அமைச்சோ தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி சோறு, கால் பகுதி மீன் அல்லது கோழி இருக்க வேண்டும் என்கிறது. உணவகத்தில் கூடுதலாக ஒரு கரண்டி கீரைக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டியிருந்தால், மாணவர் முதலில் கைவிடுவது கீரையைத்தான்.

பல விடுதிகளில் அறைக்குள் சமைக்கத் தடை உண்டு. தீ விபத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. எனினும், மாடிக்கு ஒரு பொதுச் சமையலறையும் அதில் ஓர் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் இருந்தால், முட்டை அவிக்கப் பத்து நிமிடம் போதும்.