நீங்க எந்த கிளாஸ்?

ஓரிக்கையில் ஒரு கல்யாணம். ஆழ்வார் கூப்பிட்டார் என்று காஞ்சிப் பெருமாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து ஓர் இரவு இருந்த இடமாம். அதனால் ஓரிக்கை. எனக்கு அரை நாள்தான் லீவு.

பந்தியில் பக்கத்து இலை தங்கை பையன். இருபத்தெட்டு வயசு, மீசை, சிவில் டிப்ளமோ.

"என்னடா பண்றே?"

"அஞ்சாம் கிளாஸ் மாமா."

எனக்குப் பாயசம் புரையேறியது.

"பி.டபிள்யூ.டி. கான்ட்ராக்டர் மாமா. அஞ்சு கிளாஸ் இருக்கு. ஒண்ணாம் கிளாஸ்தான் பெரிசு. பள்ளிக்கூடத்துக்கு அப்படியே தலைகீழ்."

ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு தொகை வரம்பு. சொத்து மதிப்பு, முடித்த வேலை எல்லாம் பார்த்துத்தான் கிளாஸ் தருவார்கள். 1998-ல் வந்த தமிழ்நாடு டெண்டர் சட்டப்படி குறைந்த ரேட் போட்டவருக்கு வேலை. ஆனால் வரம்பு தாண்டிய வேலைக்குப் பையன் என்ன ரேட் போட்டாலும் அவன் கவர் கணக்கில் வராது. அதிலும் நியாயம் உண்டு. இல்லாவிட்டால் யாராவது அடிமாட்டு ரேட் போட்டு, அஸ்திவாரத்தோடு ஓடிவிடுவார்.

பெரிய வேலைக்கு அனுபவமும் வேண்டும். 2002-ல் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் சொன்ன கணக்கு இது: ஒரு கோடி ரூபாய் வேலை என்றால், கடைசி ஏழு வருஷத்தில் அதே மாதிரி 80 லட்சத்தில் ஒன்று, அல்லது 40 லட்சத்தில் மூன்று முடித்திருக்க வேண்டும். 40 லட்சத்தில் மூன்று முடித்தால் ஒரு கோடிக் கதவு திறக்கும். ஒரு கோடியில் மூன்று முடித்தால் இரண்டரைக் கோடி. ஏணிதான், முதல் படிதான் உயரம்.

"நீ எத்தனை படி ஏறியிருக்கே?"

"ரெண்டு பெரிய பில்டிங் முடிச்சிட்டேன் மாமா. ஒண்ணாம் கிளாஸ்காரர் ஒருத்தர் பேர்ல. அவருக்கு கமிஷன். மூணாவதுக்கும் கூப்பிடறாரு. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"முடிச்ச சர்ட்டிபிகேட் யார் பேர்ல?"

பையன் அப்பளத்தை நொறுக்கினான். வெயிலில் நின்றது இவன், அனுபவம் ஏறியது அவருக்கு.

சாயங்காலம் உத்திரமேரூர் போனோம். நான் கல்வெட்டு பார்க்க. அவன் அங்கே கட்டுகிற கல்வெர்ட்டைப் பார்க்க.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழனின் குடவோலைக் கல்வெட்டு. வருஷம் 921. வாரியத்துக்கு வர அப்போதே தகுதிப் பட்டியல்: வயசு 35 முதல் 70, வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் சொந்தக்காரர்களுக்கும் தடை. லிஸ்டில் தாய்மாமனும் உண்டு.

"நீ கணக்குக் காட்டலேன்னா எனக்கும் சேர்த்துப் போச்சுடா!"

சிரித்தான். அப்புறம் சும்மா இருந்தான். கல்வெர்ட் வந்ததும் பைக்கை நிறுத்தினான். ஆறு ஆள் சேர்ந்து குதித்தால் தாண்டிவிடலாம் போல ஒரு சின்னப் பாலம்.

"திங்கட்கிழமை வரலேன்னு சொல்லிடப் போறேன் மாமா."

"பணம்?"

"குறையத்தான் செய்யும். ஆனா இதுக்கு சர்ட்டிபிகேட் என் பேர்ல."

அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் சொந்தமாக எழுதி பாஸ்.