நாளுக்கு ஓர் இடம் போதும்

லண்டனைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று வெளிக்கிடுகிற நம்மவர் பலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டி முடிக்கப் பார்க்கிறார்கள். அரண்மனை, பிக் பென், கோபுரப் பாலம், வருகிற வழியில் ஒரு மாமி வீடு. மத்தியானம் சின்னது தோளில் நித்திரை, பெரியது றோட்டில் குந்திவிடும். எங்கள் எண்ணம் நாளுக்கு ஓர் இடம் போதும் என்பதுதான். எங்களுக்கு லீவு ஞாயிறு மட்டும். அதிலும் நாலைந்து மணித்தியாலம்தான் பிள்ளைகள் தாங்குவார்கள்.

இம்முறை பிரிட்டிஷ் மியூசியத்தைச் சொல்கிறோம். உள்ளே போகக் காசில்லை. போக்குவரத்துக்கும் பயப்பட வேண்டாம். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு பஸ்ஸில் காசில்லை. பாதாள ரயிலிலும் காசு கட்டுகிற ஒரு பெரியவரோடு நாலு பிள்ளைகள் வரை சும்மா போகலாம். 2014 முதல் பஸ்ஸில் சில்லறை எடுப்பதில்லை, அதனால் அட்டை கையில் இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரு தரம்தான் காசு. தள்ளுவண்டிலோடு ரயிலில் போகிறவர்கள் ஹோபர்னில் இறங்காமல் டொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் இறங்குங்கள். அங்கே லிப்ட் இருக்கிறது.

எல்லாரும் ஓடுவது எகிப்து மம்மிகளிடம். பிள்ளைகள் விடமாட்டார்கள், காட்டத்தான் வேண்டும். ஆனால் 33ஆம் இலக்க மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அங்கே பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரை நிற்கிறா. ஆயிரம் வருடங்களுக்கு மேல் பழமை. உயரம் 143 சென்ரிமீற்றர், ஏழெட்டு வயதுப் பிள்ளையின் உயரத்தை விடக் கூட. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் எடுத்தது. இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுண்றிக் 1830இல் இங்கே கொடுத்தார். எங்கள் ஐந்து வயதுக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இவவும் எங்கட ஊரோ? திரும்பிப் போகமாட்டாவோ?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படத்தில் தவிர ஊரைக் காணாத பிள்ளை அது. யார் கொண்டு வந்தது, எந்தக் கரையில் எடுத்தது என்று தெரிந்ததைச் சொன்னோம். இப்படியான கேள்வி வந்தால் வாயை அடைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். புட்டு உதிரும், துடைத்து மாளாது. இடியப்ப ரொட்டி எல்லாம் வேண்டாம், பாணுக்குள் முட்டைப் பொரியலும் தண்ணிப் போத்தலும் போதும். பிறகு ரசல் சதுக்கம் தாண்டி நடந்தால் கோரம்ஸ் பீல்ட்ஸ் என்ற சிறுவர் பூங்கா வரும். மணல், ஊஞ்சல், புல்வெளி, அதற்கும் காசில்லை. பிள்ளையோடு வராத பெரியவர்களை அங்கே உள்ளே விடமாட்டார்கள். தான்தான் அப்பாவை உள்ளே விட்டவன் என்று எங்கள் மூத்தவன் இன்னும் சொல்லித் திரிகிறான்.

நாலு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுங்கள். திங்கள் விடிய வேலை இருக்கிறது.