அத்தைக்குக் கோடை விடுமுறை இருந்ததா?

நம் இதழ்களில் ஒரு கட்டுரை ஓயாமல் எழுதப்பட்டு வருகிறது. எழுதுபவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, கட்டுரை மாறுவதில்லை. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் தாத்தா வீட்டுக்குப் பேருந்து ஏறுதல், கிணற்றில் குதித்தல், நிலா வெளிச்சத்தில் ஆச்சி பெரிய சட்டியில் பிசைந்து உருண்டை உருண்டையாகக் கையில் வைத்த குழம்புச் சோறு, வற்றலுக்குக் காக்கை விரட்டும் காவல், மொட்டைமாடியில் வரிசையாக விரித்த பாய்கள். இறுதிப் பத்தியில் தவறாமல் ஒரு பெருமூச்சு: அந்தக் கூட்டுக் குடும்பம் எங்கே, கைப்பேசியில் தலை கவிழ்ந்து கிடக்கும் இன்றைய பிள்ளைகள் எங்கே?

அந்தச் சோற்றின் ருசி பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. நம்மில் பலரும் அதே பாய்களில் படுத்து உறங்கியவர்களே. நம் வழக்கு வேறு. ஐம்பது வயதில் எழுத அமர்பவர், பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே எழுதிவிட்டு, அதுவே அந்த வீட்டின் முழு உண்மை என்று முன்வைக்கிறார். பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. எழுத்தாளருக்கு இல்லை.

தாத்தா வீடு என்று இக்கட்டுரைகள் கொண்டாடுவது பெரும்பாலும் அம்மாவின் பிறந்த வீடு. ஆண்டு முழுவதும் மாமியார் வீட்டில் விடியுமுன் எழுந்தவள், அந்த ஒரு மாதம்தான் வெயில் ஏறும்வரை உறங்கினாள். அப்படியெனில் அடுப்படியில் நின்றது யார்? மாமாவின் மனைவி. அத்தை என்றோ மாமி என்றோ ஊருக்கும் சாதிக்கும் ஏற்ப அழைக்கப்பட்டவள். நாத்தனார்கள் இரண்டு மூன்று பேர் பிள்ளைகளோடு வந்து இறங்கும் வீட்டில், மின் கிரைண்டர் நுழையாத காலத்தில், காலை இட்லி என்பது முந்தைய நாளே தொடங்கும் வேலை. அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊற வேண்டும். தனித்தனியே ஆட்டுக்கல்லில் அரைபட வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காக்கை விரட்டிய கதை எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. இருட்டோடு எழுந்து கூழ் கிளறி, வெயில் ஏறுமுன் வற்றலைப் பிழிந்து முடித்த கையைப் பற்றி ஒரு வரி இல்லை. பந்தியில் ஆண்களும் பிள்ளைகளும் முதலில், பெண்கள் பிறகு, அவர்களுக்கும் பரிமாறியவள் கடைசியில். சட்டியில் அப்போது என்ன மிஞ்சியிருந்தது என்பதும் எழுதப்படுவதில்லை.

அவளுக்கும் ஒரு பிறந்த வீடு இருந்தது. அங்கேயும் ஒரு தாய் மகள் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருப்பாள். ஆனால் நாத்தனார் வரும் மாதத்தில் மருமகள் எப்படிக் கிளம்ப முடியும்? அவளுடைய பிள்ளைகள் எல்லா விளையாட்டிலும் உடன் இருந்தார்கள். அவர்கள் தங்கள் தாத்தா வீட்டுக்கு எப்போது போனார்கள் என்று எந்தக் கட்டுரையாவது கேட்டதுண்டா? ஒரு வீட்டின் கோடைக் கொண்டாட்டத்துக்கு இன்னொருத்தியின் கோடை விலையாகக் கொடுக்கப்பட்டது. இதுவே நம் குற்றச்சாட்டின் சாரம்.

அம்மாவின் நிலையையும் பார்ப்போம். பிறந்த வீட்டில் அவள் விருந்தாளி என்பது வெறும் பேச்சு வழக்கு அன்று. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, மகளுக்கு இல்லை என்ற நிலையை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் மாற்றவில்லை. தமிழ்நாடு அதை மாற்றியது 1989இல். அப்போதும், அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அந்த உரிமை கிட்டவில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. ஆக, கட்டுரைகள் ‘எங்கள் வீடு’ என்று உருகும் அவ்வீட்டில், அங்கேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்குப் பிறப்புரிமை இல்லை. அங்கே வந்து உழைத்த அத்தைக்கு ஊதியம் இல்லை.

குழந்தைமையின் இன்பத்துக்குள் இந்தக் கணக்குவழக்கு எதற்கு, கேட்டால் இன்பம் கெட்டுவிடாதா என்பார்கள். கெடாது என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அதில் சிறுமி ஒருத்தி, தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிவந்து நிலக்கிழாரிடம் நீட்டுவதைப் பார்க்கிறாள். சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, கைபட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிவந்தார் என்று விளக்குகிறான். பாமா அந்தச் சிரிப்பை நீக்கிவிடவில்லை, விளக்கத்தையும் மறைக்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால்தான் அந்தப் பக்கம் மறப்பதற்கில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தந்தையின் பொருள்முடையை, பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராக மாறியதை ஒளிக்கவில்லை. அன்பு அங்கே சற்றும் குறையவுமில்லை. சுந்தர ராமசாமி தம் இளமைக்காலக் கோட்டயத்தை நாவலாக்கியபோது (1998) ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ என்று பெயரிட்டார். குழந்தைகளோடு நிறுத்தியிருந்தால் அது வேறு நூலாகியிருக்கும்.

கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டதே என்ற புலம்பலுக்கும் நம் விடை இதுவே. அது யாருடைய முதுகின் மேல் நின்றது என்று சொல்லாமல், அது சரிந்ததற்கு அழுவது நேர்மையன்று. இன்றைய பிள்ளைகள் நிலாச்சோறு அறியாதவர்கள் என்று குறைபடுவோர், அதைப் பிசைந்து தரத் தாமே ஒரு மாலை சமையற்கட்டுக்குள் போகலாமே! அதை யார் தடுத்தார்கள்?

அத்தைகளில் பலர் இன்றும் இருக்கிறார்கள். எண்பதை நெருங்கும் அவர்களுக்கு நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. நம் ஊகங்களும் அவர்கள் முன் தோற்றுப் போகலாம். அந்தக் கோடைகள் அவர்களுக்கும் இனித்திருக்கக்கூடும். பாத்திரம் கழுவிய பின் நாத்தனாரோடு நள்ளிரவு வரை பேசிச் சிரித்திருக்கக்கூடும். கசந்திருக்கவும் கூடும். எது உண்மை என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு மட்டுமே உண்டு. அவர்களைக் கேட்டு எழுதப்பட்ட பக்கங்களோ அரிது. ஆகவே, அடுத்த நினைவுக் கட்டுரைக்குப் பேனா எடுப்பவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: முதலில் அத்தை வீட்டுக்குப் போங்கள். அந்த ஒரு மாதம் உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். ருசியைப் பற்றிப் பிறகு பேசலாம்.