காசில்லாத ஞாயிறு

2021-ல் இங்கிலாந்தில் ஒரு பழைய மரப்பாலம் ஏலத்துக்கு வந்தது. ஹௌரா பாலம் மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் முடிந்துபோகிற பாலம். 1907-ல் கட்டியது. பல தடவை ஒட்டுப்போட்டும் தாங்காமல், 1999-ல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதே இடத்தில் புதுசாக ஒன்று போட்டார்கள். கழற்றிய அந்தக் கட்டைகளைத்தான் ஒட்டுச் சேர்த்து ஏலம் விட்டார்கள். போன விலை 1,31,625 பவுண்டு. நம்ம ரூபாயில் ஒரு கோடிக்கு மேல்!

அந்தப் பாலத்தில் அப்படி என்ன விசேஷம்? ஒரு அப்பாவும் பிள்ளையும் அதன்மேல் நின்று ஓடைக்குள் குச்சி போட்டு விளையாடினார்கள். அவ்வளவுதான்.

அப்பா, ஏ.ஏ. மில்ன். ‘வின்னி த பூ’ என்கிற கரடிக்குட்டிக் கதைகளை எழுதியவர். பிள்ளை, கிறிஸ்டோபர் ராபின். இடம், ஸஸ்ஸெக்ஸில் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட். 1928-ல் வந்த புத்தகத்தில் மில்ன் இந்தக் குச்சி விளையாட்டையும் சேர்த்து எழுதப்போக, ‘பூஸ்டிக்ஸ்’ என்ற பெயரில் அது தேசிய விளையாட்டு ரேஞ்சுக்குப் போய்விட்டது.

விதிகள் சுலபம். ஆளுக்கு ஒரு குச்சி. தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து நின்று எல்லோரும் ஒரே சமயத்தில் போடவேண்டும். வீசக்கூடாது, போடத்தான் வேண்டும். போட்ட கையோடு பாலத்தின் மறுபக்கம் ஓடவேண்டும். யார் குச்சி முதலில் தலை காட்டுகிறதோ அவர் ஜெயித்தார். பரிசு, இன்னொரு ஆட்டம்.

இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே வைத்தார்கள். 1984-ல் தேம்ஸ் நதியில் ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். அந்த ஊரில் மரத்திலிருந்து விழுகிற கொட்டைக்கும் உலக சாம்பியன்ஷிப் உண்டு. ஹார்ஸ் செஸ்ட்நட் என்று ஒரு மரம். அதன் கொட்டையில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, எதிராளி தொங்கவிடும் கொட்டையை ஓங்கி அடித்து உடைக்கவேண்டும். பெயர் கான்கர்ஸ். நார்த்தாம்ப்டன்ஷயரில் 1965-லிருந்து உலகப் போட்டி நடக்கிறது. 2024-ல் ஆண்கள் பிரிவில் ஜெயித்த 82 வயதுப் பெரியவர், இரும்பில் செய்த கொட்டையால் அடித்துவிட்டார் என்று புகார் வந்தது. அவர் பாக்கெட்டில் பெயிண்ட் அடித்த இரும்புக் கொட்டை இருந்தது வாஸ்தவம். சும்மா தமாஷுக்கு வைத்திருந்தாராம். விசாரணையெல்லாம் வைத்து, பெரியவர் நிரபராதி என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கும் பார்க்கிங்குக்கும் பவுண்டு பவுண்டாகக் கறக்கிற தேசத்தில் குச்சிக்கும் கொட்டைக்கும் இவ்வளவு மரியாதையா? போன செப்டம்பரில் ஷெஃபீல்டில் நண்பன் வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது விஷயம் புரிந்தது.

* * *

சனிக்கிழமை ராத்திரி கேட்டேன். “நாளைக்கு எங்கேடா போறோம்?”

“நடக்கப் போறோம்.”

“எங்கே?”

“எங்கேயும் இல்லை. சும்மா நடக்கப் போறோம்.”

எனக்குத் தெரிந்து நடப்பது என்பது பஸ் கிடைக்காதபோது செய்கிற காரியம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைத்து எழுந்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்பாடு மும்முரமாக இருந்தது. முட்டை சாண்ட்விச், ஆப்பிள், ஃப்ளாஸ்க்கில் டீ. எனக்காக ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழ சாதம். “உங்களுக்கு அந்தப் பச்சை ரொட்டி இறங்காதுண்ணா” என்றார் நண்பனின் மனைவி. தெய்வம்!

ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. “மழை பெய்யுதே?” என்றேன் நம்பிக்கையோடு.

“இது மழை இல்லை மாமா, டிரிஸில்” என்று திருத்தினாள் எட்டு வயசுப் பெண். மழைக்குப் பயந்தால் அந்த ஊரில் கல்யாணம்கூட நடக்காது.

ரயிலில் அரை மணி சொச்சம் போனால் ஈடேல் என்கிற குட்டி கிராமம். வழியில் டாட்லி டனல், மூன்றரை மைல் நீளம். உள்ளே நுழைந்ததும் நண்பன் உதட்டில் விரலை வைத்தான். பிள்ளைகள் இரண்டும் கப்சிப். டனல் முடிகிறவரை முதலில் பேசுகிறவர் அவுட். அந்தக் குடும்பத்தில் கண்டுபிடித்த ஆட்டம் இது. இரண்டு குழந்தைகளை மூன்றரை மைலுக்கு வாய் மூடவைக்க இதைவிட மலிவான வழி உலகத்தில் கிடையாது.

ஸ்டேஷனில் இறங்கியதும் மேப்பைப் பையனிடம் கொடுத்துவிட்டான். “இன்னிக்கு இவன்தான் லீடர். நாம பின்னாடி போறோம்.” லீடருக்கு வயசு பத்து.

ஆர்டினன்ஸ் சர்வே மேப் என்பார்கள். 1791-ல் பட்டாளத்துக்காக ஆரம்பித்த வரைபட வேலை. இப்போது ஆரஞ்சு நிற அட்டை போட்டு, புத்தகக் கடையில் விற்கிறார்கள். நாலு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு வேலியும், கிணறும், கோயில் கோபுரமும் அதில் இருக்கிறது. முக்கியமானது, பச்சை நிறத்தில் துண்டு துண்டாக ஓடும் கோடு. “பச்சைக் கோடு இருந்தா நாம போகலாம் மாமா. யாரும் கேட்க முடியாது” என்றான் லீடர்.

பச்சைக் கோடு எங்களை ஒரு ஆட்டு மந்தைக்கு நடுவில் கொண்டுபோயிற்று. அடுத்து ஒரு பண்ணை வீட்டு முற்றம். கொடியில் வீட்டுக்காரரின் பனியன் காய்கிறது. நாங்கள் ஐந்து பேர் ஊர்வலமாகப் போகிறோம். கையில் வாளியோடு வந்த விவசாயி எங்களைப் பார்த்து, “மழை விடும்போல இருக்கே” என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலி குறுக்கிட்டால் ஏறி இறங்க மரப்படி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஸ்டைல். ரஜினி ஸ்டைல் இல்லை. வேட்டியோடு ஏறினால் எந்த ஸ்டைலும் மிஞ்சாது. இன்னொரு வகை, கிஸ்ஸிங் கேட். அரைவட்டக் கூண்டுக்குள் ஆடுகிற கதவு. ஒரு ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாது. கதவு இரண்டு பக்கமும் போய்த் தொட்டுத் தொட்டு வருவதால் அந்தப் பெயர். ஆனால் முதலில் போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவரிடம் முத்தம் கொடுத்தால்தான் விடுவேன் என்று அடம் பிடிக்கலாம் என்றும் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாத வாசகர்கள் கவனத்துக்கு: எனக்கு முன்னால் போனது நண்பன்.

வேலியோரம் பூரா பிளாக்பெர்ரி. கறுகறுவென்று, முள்ளோடு. பிள்ளைகள் சாண்ட்விச் டப்பாவைக் காலி செய்து பழத்தால் நிரப்ப ஆரம்பித்தார்கள்.

“யாராவது பார்த்தா?” என்றேன்.

“திருட்டு இல்லைடா. சட்டமே இருக்கு.”

நிஜம்தான். 1968-ம் வருஷத்துத் திருட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தானாக வளர்ந்த செடியிலிருந்து பழம், பூ, காளான் பறித்தால் திருட்டு ஆகாது. விற்பதற்காகப் பறித்தால்தான் திருட்டு. திருடனைப் பிடிக்கச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள், பழம் பொறுக்குகிற குழந்தையையும் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பூஸ்டிக்ஸ். ஓடையின் குறுக்கே மரப்பாலம். ஏழு ஆட்டம். நண்பன், ஆபீஸில் இருபது பேரை மேய்க்கிறவன், ஈரப் பலகையில் மண்டிபோட்டு, “வருது வருது! என்னுது! என்னுது!” என்று கத்தினான். ஜெயித்தது அவன் பெண். நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் 2012-ல், பதினொன்றே முக்கால் வயசுக்குள் ஒரு பிள்ளை செய்து முடிக்கவேண்டிய 50 காரியங்கள் என்று லிஸ்ட் போட்டது. மரம் ஏறுவது, பெரிய மேட்டிலிருந்து உருண்டு வருவது என்று போகும். அதற்கு வயசு வரம்பு வைத்ததில் நண்பனுக்கு வருத்தம்.

* * *

டீ குடிக்கும்போது கேட்டேன். “இதெல்லாம் யார் நிலம்டா?”

“கீழே வயலெல்லாம் தனியாருது. பாதை மட்டும் நம்மளுது. தாத்தா காலத்துல மேலே போயிருந்தா அடிச்சு விரட்டியிருப்பான்” என்று எதிரே நின்ற மலையைக் காட்டினான்.

கிண்டர் ஸ்கௌட். 636 மீட்டர். நம்ம கணக்குக்குக் குன்று. மேலே புதர்க்காடு. ஒரு காலத்தில் பிரபுக்கள் க்ரௌஸ் என்கிற பறவையைச் சுட்டு விளையாடுவதற்காக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஷெஃபீல்டு, அந்தப் பக்கம் மான்செஸ்டர். வாரம் பூரா மில்லிலும் பட்டறையிலும் புகை குடிக்கிற ஜனங்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் நல்ல காற்று. அதற்காக மலை ஏறினால் தடியோடு காவல்காரன்.

1932, ஏப்ரல் 24. ஞாயிற்றுக்கிழமைதான். பென்னி ராத்மன் என்கிற 20 வயசுப் பையன் ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசினான். சுமார் 400 பேர் பின்னால் நடந்தார்கள். கத்தி, கபடா எதுவும் இல்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். மேலே காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு ஆயிற்று. இறங்கி வந்ததும் போலீஸ் பிடித்தது. அத்துமீறி நுழைவது அந்தச் சட்டப்படி கிரிமினல் குற்றமே இல்லை. அதனால் கலகம் செய்ததாகக் கேஸ் போட்டார்கள். ஐந்து பேருக்கு ஜெயில். ராத்மனுக்கு நாலு மாசம்.

சும்மா நடந்ததற்கு நாலு மாசம்!

ஊர் கொதித்தது. கொஞ்ச நாளில் ஆறுகிற கொதிப்பாக அது இல்லை. 1949-ல் சட்டம் வந்தது. பொதுப்பாதை ஒவ்வொன்றையும் மேப்பில் ஏற்றும்படி கவுன்சில்களுக்கு உத்தரவு. 1951-ல் முதல் தேசியப் பூங்கா இங்கேதான். 2000-ல் இன்னொரு சட்டம், மலை, புதர்க்காடு மாதிரி இடங்களில் பாதை விட்டு விலகியும் நடக்க உரிமை கொடுத்தது. அதுவும் இங்கிலாந்தின் நிலத்தில் 8 சதவீதத்துக்குத்தான். மற்ற இடத்தில் பச்சைக் கோடுதான் கதி. ஆனால் அந்தக் கோடு லேசுப்பட்டதில்லை. 20 வருஷம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்துவிட்டால் அது பொதுப்பாதை என்று உரிமை கேட்கலாம். வயலுக்குக் குறுக்கே போகிற பாதையை விவசாயி உழுது விதைத்தால், 14 நாளைக்குள் பாதையைத் திரும்பப் போட்டுக்கொடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி 1,40,000 மைல் பாதை இருக்கிறது.

2002-ல் அந்த நடையின் எழுபதாவது வருஷ விழா. அப்போதைய டெவன்ஷயர் பிரபு கூட்டத்துக்கு நடுவில் எழுந்து, தன் தாத்தா காலத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். கேட்க ராத்மன் இல்லை. மூன்று மாசம் முன்னால்தான் காலமாகியிருந்தார்.

சண்டை முடிந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. மேப்பில் ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகளைப் பதிவு செய்ய 2026-ஐக் கெடுவாக வைத்தார்கள். பிறகு 2031 என்றார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே எடுத்துவிடப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. கோடு இல்லையென்றால் பாதை இல்லை. பாதை இல்லையென்றால் தீம் பார்க் டிக்கெட் வாங்க முடியாத குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது டி.வி.தான்.

* * *

திரும்பும் ரயிலில் பெண் பிளாக்பெர்ரி டப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரிக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை பிசிறி மேலே தூவி அவனில் வைத்து, கிரம்பிள் செய்வார்களாம். பையன் மேப்பை மடித்துக்கொண்டிருந்தான். ஒரு மேப்பை முதலில் இருந்தபடி மடித்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

எனக்கு ஆபீஸ் புத்தி. பேப்பரில் அன்றைய செலவை எழுதிப் பார்த்தேன். ரயில் டிக்கெட். முட்டை, ரொட்டி. குச்சி, இலவசம். பழம், இலவசம். பாதை...

அங்கே பேனா நின்றது. நாலு மாசம் ஜெயில் என்று எழுதி, நண்பனிடம் நீட்டினேன். “இதை யார் கணக்குலடா எழுதறது?”

அவன் பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்தான்.

டனல் வந்துவிட்டது. நான் அவுட்.