விமானம் 1.15 மணி நேரம்... வீடு போய்ச் சேர 7.30 மணி நேரம்!

"அம்மாவுக்கு உடம்பு முடியலை, உடனே கிளம்பி வா." ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்ததும், சென்னையில் வேலை பார்க்கும் ஜெகதளாக்காரர் முதலில் தேடுவது கோவைக்கு விமான டிக்கெட்டைத்தான். 'பயண நேரம் 1 மணி 15 நிமிடம்' என்று திரையில் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறும். ஆனால், வீட்டு வாசலை மிதிக்க அது போதுமா?

சென்னை - கோவை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 405 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ வேகத்தில் பறக்கும். அப்படிப் பார்த்தால் அரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? ஆனால், முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்ததே டிக்கெட்டில் உள்ள நேரம்.

இனி வீட்டுக் கணக்கு. சென்னை வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1 மணி நேரம். விமானம் கிளம்ப 2 மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறக்க 1.15 மணி நேரம். கோவையில் இறங்கி, பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர் வழியாக ஜெகதளா சுமார் 80 கி.மீ. இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள்! இதற்கே 2.45 மணி நேரம். மொத்தம் 7.30 மணி நேரம். வானத்தில் 405 கி.மீ கடக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு, கடைசி 80 கி.மீட்டருக்கு!

அதனால், போன் எத்தனை மணிக்கு வருகிறது என்பது முக்கியம். காலையிலோ மதியமோ என்றால் விமானம் நல்லது. மாலை 7 மணிக்கு வந்தால்? இரவு 9 மணியளவில் சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், மறுநாள் காலை 6 மணியைத் தாண்டி மேட்டுப்பாளையம் சேரும். மலை ஏறி 8.30 மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். விடியற்காலை 6 மணி விமானத்துக்குக் காத்திருந்தால், வீடு சேர 10.30 ஆகிவிடும்!

கவனிக்க வேண்டியவை:

* கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைப்பாதையில் மண் சரியும் காலம். கிளம்பும் முன் சாலை நிலவரம் கேளுங்கள். குன்னூர் பாதை அடைத்திருந்தால் கோத்தகிரி வழி இருக்கிறது.

* நீலகிரிக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஊரிலிருந்தே வண்டி வரச்சொன்னால் அலைச்சல் குறையும்.

முக்கியமாக, 'ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்' என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். உடம்பு முடியாதவர், வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்!