இருட்படங்களும் அவற்றின் உரைகாரரும்

2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அமெரிக்காவின் பழம்படத் தொலைக்காட்சியாகிய டேர்னர் கிளாசிக் மூவீசின் தலைமை அலுவலர் பலர் திடீரென வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். அதன் உடைமையாளராகிய வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி கம்பனியார் அக்காலத்திற் செலவுச் சுருக்கத்தில் முனைந்து நின்றனர். செய்தி வெளியானதும் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், மார்ட்டின் ஸ்கோர்செசி, போல் தோமஸ் அண்டர்சன் என்னும் இயக்குநர் மூவரும் கம்பனித் தலைவரோடு பேசினர். படங்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பிலிருந்தவர் பதவியில் நிலைநிறுத்தப்பட்டார். கம்பனியொன்றின் உள்வீட்டுச் சண்டை நமக்கென்ன என்று கேட்போர் உளர். பழைய நூலையும் அதன் உரையையும் நம்பி வாழும் எம்மனோர்க்கு இச்செய்தி அவ்வாறு புறத்தே நிற்பதன்று.

அத்தொலைக்காட்சி காட்டும் படங்களுள் ஒருவகையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். ‘பிலிம் நுவார்’ என்பது அதன் பெயர். நுவார் பிரெஞ்சு மொழியிற் கருமையைக் குறிக்குஞ் சொல்லாதலின் இருட்படம் என வழங்குவேன். 1940களிலும் 1950களிலும் ஹொலிவூட்டில் எழுந்த இப்படங்களிலே நல்லவன் தீயவனை வெல்லுங் கதை அரிது. ஓரளவு நல்லவனாகிய ஒருவன் ஆசையால் ஓரடி பிசகி வைக்கின்றான்; அவ்வடி அவனை விடாது இழுத்துச் செல்கின்றது. சன்னற் சட்டங்களின் நிழல் முகத்திற் கோடிடும். ஈரத்தெருவில் விளக்கொளி சிதறும். கதை பெரும்பாலும் இரவிலேயே நடக்கும்.

இவற்றை எடுத்தோர் இப்பெயரை அறியார் என்பது கருதத்தக்கது. அமெரிக்காவில் இவை வெறுங் குற்றக்கதைப் படங்களாகவே ஓடின. யுத்தகாலத்திற் செர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்தமையால் ஆண்டுக்கணக்காக அமெரிக்கப் படங்கள் பாரிசுக்கு வந்தில. 1946ஆம் ஆண்டுக் கோடையில் ‘த மோல்டீஸ் பால்கன்’, ‘டபிள் இன்டெம்னிற்றி’, ‘லோரா’ முதலியன ஒருங்கே வந்திறங்கின. ஒவ்வொன்றாய்ப் பார்த்த அமெரிக்கர் காணாத ஒருமையை, ஒருசேரப் பார்த்த பாரிசார் கண்டனர். நீனோ பிராங் என்னும் விமர்சகர் அவ்வாண்டிலேயே இப்பெயரை அச்சேற்றினார். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றை ஆக்குகின்றேன் என்று எண்ணியா இளங்கோவடிகள் எழுத்தாணி பிடித்தார்? தொகுத்து நோக்குவோரே வகையைப் படைக்கின்றனர்.

அத்தகைய தொகுத்து நோக்கலைத் தொலைக்காட்சி மீண்டும் நிகழ்வித்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இருட்சந்து எனப் பொருள்படும் பெயரோடு ஒரு வாராந்த நிகழ்ச்சி தொடங்கிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரத்தவரான எடி முல்லர் அதனை நடத்தலானார். படத்துக்கு முன்னே பாயிரம்போற் சிலவுரை, முடிந்தபின் விளக்கம். எழுதியவர் யார், தணிக்கையாளர் எதனை மறுத்தனர், நடிகையின் வாழ்வு என்னாயிற்று என்பனவெல்லாம் அங்கே வெளிப்படும். நாடெங்கும் ஒரே வேளையிற் கண்ட அன்பர் பின்னர்த் தமக்குள் வாதிடுவர். ‘டபிள் இன்டெம்னிற்றி’யின் நாயகன் தன் குற்றத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகின்றான், முடிவை அறிந்தும் பதைபதைத்துப் பார்க்கின்றோமே, எவ்வாறு? கூத்துப் பார்த்து வளர்ந்தோர்க்கு இது புதிய வினாவன்று. 

‘லீவ் ஹேர் டு ஹெவின்’ என்னும் 1945ஆம் ஆண்டுப் படம் பற்றிய வாதம் இன்னுஞ் சுவையுடையது. அது முழு வர்ணப்படம். பட்டப்பகலில், அழகிய ஏரியில், கணவனின் கால் வழங்காத தம்பி நீரில் மூழ்குவதை ஒருத்தி ஓடத்திலிருந்து வாளா பார்த்திருக்கின்றாள். கருமையின்றி இருட்படம் ஏது என்பர் ஒருசாரார். இருள் நெஞ்சிலன்றோ உளது என்பர் மற்றொரு சாரார். யான் பின்னவர் கட்சி.

ஆயினும் கறுப்பும் வெள்ளையுமாய் எடுத்ததற்குச் சாயம் பூசுதல் வேறு பொருள். 1986இல் எம்.ஜி.எம். கம்பனியின் பழம்படங்களை விலைக்கு வாங்கிய ரெட் டேர்னர், அவற்றுட் பலவற்றுக்கு இயந்திரத்தால் வர்ணமூட்டினார். இயக்குநர் ஜோன் ஹஸ்ரன் தம் படங்களுக்கு இக்கதி நேர்ந்ததைக் கண்டித்தார், 1987இற் காலமானார். அவர் எடுத்த ‘த அஸ்பால்ற் ஜங்கிள்’ என்னும் 1950ஆம் ஆண்டுப் படத்தின் வர்ணப் பிரதியை 1988இற் பிரெஞ்சுத் தொலைக்காட்சியொன்று காட்ட முற்பட, அவர்தம் மக்கள் வழக்காடினர். அமெரிக்கச் சட்டம் உடைமையாளர் பக்கம் நிற்பினும், ஆக்கியோனின் உரிமை விலைபோகாதென 1991 மே மாதத்திற் பிரான்சின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. படத்தைப் பார்த்தோர் அத்தீர்ப்பின் நியாயத்தைக் கண்ணாலேயே உணர்வர். கதை இரவின் இருளிலே உழன்று, ஈற்றிற் குண்டுபட்ட நாயகன் தான் பிறந்த கெண்ரக்கி நிலத்துப் புல்வெளியிற் பகலொளியில் விழுந்து இறக்கின்றான். குதிரைகள் அவனை முகர்கின்றன. முன்னைய இருளன்றோ அவ்வெளிச்சத்துக்கு வலி? புல்லைப் பச்சையாக்கினால் அது போயிற்று.

வர்ணம் பூசிய அதே டேர்னர்தான் 1994இல் இப்பழம்படத் தொலைக்காட்சியை நிறுவி, படங்களை எடுத்தவாறே, விளம்பர இடையீடின்றிக் காட்டச் செய்தார். ஒரு கை கெடுத்ததும் அதே கை கொடுத்ததும் மெய். அக்கை மாறினால் என்னாகும் என்பதே 2023இல் எழுந்த அச்சம்.

அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. ‘வுமன் ஒன் த ரன்’ என்பது 1950இல் வெளிவந்த சிறுபடம். கொலையொன்றைக் கண்டு அஞ்சி ஓடிய கணவனை, அவன்மேல் அன்பு வற்றிய மனைவி தேடுகின்றாள். தேடுந்தோறும் அவனைப் புதிதாய் அறிகின்றாள். அதன் நற்பிரதி 2008இல் யூனிவேர்சல் கலையகத்தில் மூண்ட தீயில் அழிந்தது. முல்லர் 2005இல் அமைத்த இருட்பட நிதியம், இலண்டனிற் பேணப்பட்டிருந்த மூலத்தைக் கொண்டு அதனை மீட்டது. நிதியம் இலாபநோக்கற்றது, அன்பர் தருங் கொடையே அதன் முதல். அவ்வன்பர் உருவாவது படங்காட்டி உரைசொல்லுமிடத்திலே. உரையை நிறுத்திப் படங்களை மட்டும் களஞ்சியத்தில் அடுக்கிவைத்தால், எதனைத் தேடுவதென்று அறியாதவன் எதனையுந் தேடான். அடுத்த சுருள் எரியும்போது அதற்காகப் பணந்தர ஒருவனும் இரான். கம்பனியின் வரவுசெலவேட்டில் இவ்விழப்பை எழுதுதற்கு நிரல் இல்லை.